எச்சம் கொடுத்த இறைச்சி

பெரு நாட்டின் பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே சிஞ்சா என்று மூன்று சிறு தீவுகள். அங்கே மழை பெய்வதே அரிது. நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் காலங்காலமாக இட்ட எச்சம் கரையாமல், சில இடங்களில் 100 அடி உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. குவானோ எனப்படும் இதைப் போட்டுத்தான் இன்கா உழவர்கள் மக்காச்சோளம் விளைவித்தார்கள். ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் 1804-ல் மாதிரி கொண்டுபோய்க் காட்டியும் ஐரோப்பிய வணிகர்கள் அசையவில்லை. பெருமளவில் கப்பலேறியது 1840-க்குப் பிறகுதான்.

ஏன் அப்போது? பிரிட்டனில் ஆலை நகரங்கள் பெருகின. ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் இறைச்சி கேட்டார்கள். 1846-ல் தானியச் சட்டம் ரத்தாகி, வெளிநாட்டுக் கோதுமை தடையின்றி வரத் தொடங்கியது. கோதுமையை மட்டும் நம்ப முடியாத உழவர்கள் மாடு, ஆடு பக்கம் கூடுதலாகத் திரும்பினார்கள். பனிக்காலத்தில் புல் இருக்காது; டர்னிப் கிழங்குதான் தீவனம். அந்தப் பயிரின் இளம் முளையைப் பூச்சி தின்றுவிடும். மளமளவென வளர்ந்தால்தான் தப்பும். குவானோ அந்த வேகத்தைக் கொடுத்தது.

விற்பனையைப் பிடித்தது லண்டனின் அந்தோணி கிப்ஸ் அண்ட் சன்ஸ் என்ற குடும்ப நிறுவனம். 1842-ல் இறங்கி, 1849-லிருந்து 1861 வரை பிரிட்டன் சந்தையைத் தனியுரிமையாக வைத்திருந்தது. 1850களின் நடுவில் இறக்குமதி ஆண்டுக்கு 2 லட்சம் டன்னைத் தாண்டியது. தலைவர் வில்லியம் கிப்ஸ், பிரிஸ்டல் அருகே டின்டெஸ்ஃபீல்டு மாளிகையை வாங்கிப் புதுப்பித்துக் கட்டினார். பக்திமான், ஆக்ஸ்ஃபோர்டு கீபிள் கல்லூரித் தேவாலயம் அவர் பணத்தில் எழுந்தது.

தீவில் மண்வெட்டி பிடித்தது இந்தக் குடும்பம் அல்ல. சரக்கு பெரு அரசின் சொத்து. வெட்டி ஏற்றும் ஒப்பந்தம் டொமிங்கோ எலியாஸ் என்ற பெரு முதலாளியிடம் இருந்தது. கிப்ஸ் விற்றுத் தரகு பெற்றது. வெட்டியவர்களில் பலர் சீனத்திலிருந்து பல ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த கூலிகள். நெடி கண்ணையும் மூக்கையும் அரித்தது. தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பாறை விளிம்பிலிருந்து கப்பலுக்குள் சரித்தார்கள். அன்றாட அளவு குறைந்தால் சவுக்கடி. தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. கையில் மண்வெட்டி இல்லை என்பதால் லண்டன் குடும்பத்தின் பொறுப்பு போய்விடாது என்பதே என் கருத்து. சரக்கு எப்படி வருகிறது என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலேயே வந்துகொண்டிருந்தது. பிரிட்டன் மக்களின் தட்டு நிறைந்ததைக் கொண்டாடும் வரலாறு, இந்தத் தீவுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமையாகும்.

1870களின் நடுவில் சிஞ்சாவில் எச்சம் தீர்ந்துபோனது. அதற்குள் கிப்ஸ் குடும்பம் அப்போது பெருவிலிருந்த தாராபாகா பாலைவனத்தில் கிடைத்த இன்னொரு உரமான வெடியுப்பில் முதலீடு செய்திருந்தது. அந்த உப்புக்காக 1879-ல் மூண்ட போரை அடுத்த வாரம் பார்ப்போம்.