மூலப்படமும் வழிப்படமும்: வீட்டுப் படத்தொகுப்பின் வரலாறு

முன்னுரை

நூலைக் கற்றோர் அதனைப் பெற்றவாறே விட்டுவைப்பதில்லை. சிலர் சுருக்குவர், சிலர் விரிப்பர், சிலர் தமக்கு ஒவ்வாத பகுதியை நீக்கி வேண்டிய பகுதியை மட்டும் திரட்டிக்கொள்வர். தமிழ் இலக்கிய வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. ஏட்டைக் கையிற்கொண்டோர் அன்று நூலுக்குச் செய்த இச்செயலைக் கணிப்பொறியும் கைப்பேசியும் கொண்டோர் இன்று திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் செய்கின்றனர். வெளிவந்த படமொன்றை எடுத்து, வேண்டாக் காட்சிகளை நீக்கி, எஞ்சியவற்றை முறைமாற்றி, சிலபோது இசையையும் நிறத்தையும் மாற்றி, வீட்டிலிருந்தே புதியதொரு வடிவத்தைச் சமைக்கின்றனர். இளைஞர் இதனை 'எடிட்' என்றே வழங்குவர். யாம் இக்கட்டுரையில் இதனைச் 'சுவைஞர் தொகுப்பு' எனக் குறிப்போம்.

பெருநகரங்களில் மட்டுமன்றிப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் போன்ற பேரூர்களிலும் கைப்பேசி ஒன்றே இதற்குப் போதிய கருவியாகிவிட்டது. இதனை விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். திருட்டெனப் பழிப்பாரும் உளர். இவ்விரு கூற்றும் முழுவதும் பொருந்துவன அல்ல என்பதும், இச்செயலை அளத்தற்குரிய அளவுகோல் தமிழ் நூன்மரபிலேயே உளது என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுத்தலும் வழிநூலும்

படத்தை வெட்டி இணைப்பவரைப் 'படத்தொகுப்பாளர்' என்கிறோம். தொகுத்தல் என்பது சங்க நூல்களோடு தொடர்புடைய பழஞ்சொல். பல காலத்துப் புலவர் பாடிய தனிப்பாடல்களைப் பின்வந்தோர் தொகுத்தனர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ எனவும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் எனவும் பழங்குறிப்புகள் கூறும். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். இவ்வைப்புமுறை பாடிய புலவர் எவரும் கருதியதன்று, தொகுத்தவர் கண்டது. ஆயினும் நாம் இன்று அந்நூலை இவ்வரிசையிலேயே பயில்கின்றோம். கற்றோர் வகுத்த ஒழுங்கே ஒரு நூலின் உருவமாகிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தும். வழிநூலைச் சுருக்குதல், விரித்தல், சுருக்கியும் விரித்தும் அமைத்தல், மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுக்கும். வழிநூல் என்பது முதல்நூலோடு பொருளால் ஒத்து, தனக்கென ஒரு வேறுபாடும் உடையது என்பது நன்னூலார் கருத்து. இவ்விலக்கணம் சுவைஞர் தொகுப்புக்கும் பொருந்துதல் காண்க. டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' என்னும் சிறுநூலைப் பட நிறுவனத்தார் மூன்று படங்களாக விரித்து 2012 முதல் 2014 வரை வெளியிட்டனர். சுவைஞர் சிலர் அம்மூன்றையும் நூலின் அளவுக்கேற்ப ஒரே படமாகச் சுருக்கினர். முன்னது விரித்தல், பின்னது சுருக்குதல். இரண்டும் வழிநூலே.

கருவியும் படியும்

இனி, இத்தொழிலுக்குரிய கருவிகளின் வரலாற்றை நோக்குவோம். கருவி மாறுந்தோறும் மூலத்துக்கும் வழிக்கும் உள்ள உறவும் மாறியுள்ளது.

மேலே கூறிய அரும்பாவூர் பச்சைமலையின் அடிவாரத்தில் உள்ளது; மரச்சிற்பத்தாற் பெயர்பெற்றது. அச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரக்கட்டையைக் குடைந்து உருவம் சமைத்தல் அச்சிற்பிகளின் மரபு. உளி நீக்கிய சிம்பு மீளவும் கட்டையிற் சேராது; சிற்பம் பிறந்தபோது கட்டை மறைந்துவிடுகிறது. படச்சுருளை வெட்டிய முதற்காலச் சுவைஞரின் தொழிலும் இத்தகையதே. அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னல் 1931இல் வெளிவந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்னும் படத்தின் 16 மி.மீ. படி ஒன்றைப் பெற்று, அதனைத் தாமே வெட்டி, நாயகி தோன்றும் காட்சிகளையே பெரும்பாலும் கொண்டு இருபது நிமிடத்துக்குட்பட்ட படமொன்றை ஆக்கினார். 'ரோஸ் ஹோபார்ட்' என அந்நடிகையின் பெயரையே அதற்குச் சூட்டி, 1936இல் நியூயார்க்கு நகரில் நீலக் கண்ணாடி வழியே திரையிட்டுக் காட்டினார். சுவைஞர் தொகுப்பின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம். கத்தரிக்கோல் பட்ட அப்படி மீண்டும் பழைய படம் ஆகாது.

வீடியோ நாடா வந்தபின் நிலை மாறியது. மூலநாடா சிதையாமலே படி எடுக்க இயன்றது. ஆயினும் படியிலிருந்து படி எடுக்குந்தோறும் உருவம் மங்கியது, ஒலி தேய்ந்தது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தோர் வரலாற்றை அறிந்தார்க்கு இது புதிதன்று. ஒவ்வொரு படியிலும் எழுத்து திரிந்து, அடி விழுந்து, பாடவேறுபாடு பெருகியதை நாம் அறிவோம். எண்முறைப் பதிவு வந்தபின் இக்குறையும் நீங்கியது. ஆயிரம் முறை படியெடுப்பினும் ஒரு புள்ளியும் தேயாது படியெடுக்க இயலும். வெட்டினும் மூலம் அவ்வாறே நிற்கும். மரத்தையும் ஓலையையும் போலன்றி, மூலத்துக்கு ஊறு நேராமலே வழிநூல் செய்யும் வாய்ப்பு நம் காலத்தில் வாய்த்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியாக அமைந்தன வேறு சில. வானொலி ஒலிபரப்பிய 'ஒலிச்சித்திரம்' திரைப்படத்தின் ஒலியை மட்டும் பிரித்துச் சுருக்கித் தந்தது. 'விதி' (1984) படத்தின் உரையாடல் ஒலிநாடாவாக வந்து தேநீர்க் கடைதோறும் ஒலித்தது. படத்தைக் காணாமல் கேட்டே அறிந்தோர்க்கு அச்சுருக்கமே படமாயிற்று. 1980களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு 'டெக்' எனப்பட்ட வீடியோ கருவியையும் வாடகைக்கு எடுத்து ஊர்ப்பொதுவில் இரவெல்லாம் படம் காண்டல் வழக்கமாயிற்று. அப்போது பாடலை ஓட்டிவிடுமாறு கேட்போரும், சண்டைக் காட்சியை மீண்டும் போடுமாறு கேட்போரும் தம்மையறியாமலே தொகுப்பாளர் ஆயினர்.

திருத்துவாரும் மீட்பாரும்

சுவைஞர் தொகுப்பு நோக்கத்தால் இருவகைப்படும். தம் சுவைக்கேற்பத் திருத்துவது ஒன்று; திரிந்ததை நீக்கி மூலத்தை மீட்பது மற்றொன்று. இரண்டும் வெட்டுதலையே வழியாகக் கொள்ளினும் நோக்கத்தால் எதிரெதிரானவை.

முதல் வகைக்கு அண்மைக்காலச் சான்று 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1999இல் வந்த 'தி பாண்டம் மெனஸ்'. அது பலர்க்கு மனநிறைவு தரவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த மைக் நிக்கல்ஸ் என்னும் படத்தொகுப்பாளர் அதிலிருந்து இருபது நிமிடத்தளவு நீக்கி, நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றன் பேச்சையும் செயலையும் குறைத்துப் புதுவடிவம் செய்தார். 2001 அளவில் அது நாடா வழியே பரவியது. தமிழில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நிகழ்த்திய 'வட்டத்தொட்டி'யில் கம்பன் பாடல்களைப் பாடிச் சுவைத்த அவர், தம் செவிக்குக் கம்பன் குரலாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என விலக்கினார். சொற்களையும் சில இடங்களில் மாற்றியமைத்தார். 'கம்பர் தரும் இராமாயணம்' அவ்வாறு பிறந்தது. சுவடிச் சான்றின்றிச் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டார் எனப் புலவர் பலர் அதனைக் கண்டித்தனர். கண்டனம் பதிப்புநெறி நோக்கி முறையானதே. ஆயினும் கம்பனை ஏட்டறிவினின்றும் விடுவித்துப் பலர் நாவிற் பயிலச் செய்தவருள் அவர் தலையாயவர் என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாம் வகையின் இயல்பை அறிய அரும்பாவூரை அடுத்துள்ள நிலப்பகுதியையே நினைவுகூரலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்றது இப்பகுதியில். அரியலூர்ச் சடகோப ஐயங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோரிடம் அவர் அடுத்தடுத்துப் பாடங் கேட்டார். பின்னர் 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் பதிப்பித்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஒரு பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றைப் பிரதிபேதமாகக் கீழே காட்டுதல் அவர் நெறி. தம் விருப்பத்தை ஆசிரியன் மேல் ஏற்றுதல் அவர்க்கு உடன்பாடன்று.

திரைப்படத்திலும் இந்நெறியினர் தோன்றினர். 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வெளிவந்தது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1988இல் அமெரிக்கச் சட்டமன்றத்தின் முன் தோன்றி, பழைய படங்களை உரிமையாளர் மாற்றுதல் தகாது என வாதிட்டவர். அவரே 1997இல் தம் படத்திற் புதுக்காட்சிகளைச் சேர்த்தும் பழையவற்றை மாற்றியும் வெளியிட்டார், பின்னரும் மாற்றினார். மக்கள் முதலிற் கண்ட வடிவம் நெடுங்காலம் தெளிவான படியாகக் கிடைக்கவில்லை. செக் நாட்டுச் சுவைஞர் பெத்ர் ஹர்மாச்செக் 2010ஆம் ஆண்டு அளவில் தொடங்கி, பல்வேறு படிகளை ஒப்பிட்டு, பிற்சேர்க்கைகளை ஒவ்வொன்றாக நீக்கி, 1977இன் வடிவத்தை மீட்டமைத்தார். ஆசிரியனே செய்த இடைச்செருகலைச் சுவைஞன் களைந்தான். பதிப்புத்துறையினர் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி இது.

மறைந்த தையல்

அவ்வாறாயின், தீங்கு விளைவது எதனால்? வெட்டுதலாலன்று, வெட்டியதை மறைத்தலால் எனலாம். இடைச்செருகல் வரலாறு இதனைத் தெளிவிக்கும். கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தன பல என்பது வழிவழிச் செய்தி. கம்பனுக்குப் பின் பாடிச் சேர்த்தோர் தம் பெயரால் தனிநூல் யாத்திருப்பின் எவர்க்கும் இழப்பில்லை. மூலத்தினுள் தையல் தெரியாமல் தைத்தமையாலேயே பிற்காலப் பதிப்பாளர் 'மிகைப்பாடல்' எனப் பிரித்தெடுக்க நெடிது உழைக்க நேர்ந்தது.

முன்னோர் இவ்விடரை அறிந்தே காப்பும் செய்தனர். சேக்கிழார் புராணம் பெரியபுராணத்தின் பாடற்றொகை 4253 எனக் கணக்கிட்டுரைத்தது. இன்றைய பதிப்புகளில் அதனின் மிக்க பாடல்கள் உள. அத்தொகை இன்றேல் மிகுதியை உணரவும் இயலாது. அந்தாதித் தொடையும் இத்தகைய காப்பே. ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் தொடக்கமாக வருதலின், இடையே ஒன்றை நுழைத்தலும் எடுத்தலும் எளிதல்ல.

இன்றைய நிலை இவ்வச்சத்தை மீண்டும் எழுப்புகிறது. 2013இல் வெளிவந்த 'ராஞ்சணா' என்னும் இந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என வழங்கியது. அப்பெயரே தமிழரிடைக் காதலுக்காக உயிர்நீத்தானை நினைவூட்டுவது. படத்திலும் நாயகன் இறப்பான். 2025 ஆகஸ்டு முதல் நாள், பட உரிமையுடைய ஈராஸ் நிறுவனத்தார் செயற்கை நுண்ணறிவு கொண்டு முடிவை மாற்றி, நாயகன் பிழைத்தெழுவதாகத் தமிழ்வடிவத்தை மறுவெளியீடு செய்தனர். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தனர். நடிகன் நடியாததை நடித்ததாகக் காட்டும் கருவி வந்துவிட்டமையின், நீக்கும் தொகுப்பினும் சேர்க்கும் தொகுப்பே இனி நம் கவனத்துக்கு உரியது.

சட்டம் இவ்விடத்து முழுத்துணை ஆகவில்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்துத் தம் நற்பெயரைக் கெடுப்பதைத் தடுக்க ஆசிரியர்க்கு உரிமை தருகிறது. ஆனால் அச்சட்டப்படி திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளரே; இயக்குநர் அல்லர். தனிப்பயனுக்கும் ஆராய்ச்சிக்கும் நேரிய அளவிற் கையாளுதலை 52ஆம் பிரிவு ஏற்கும். எனினும் வீட்டிற் செய்ததை ஊரார்க்குப் பரப்புவோர் அவ்விலக்கை நம்பியிருத்தல் அரிது. அமெரிக்காவிலும் படங்களைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறி வெட்டி வழங்கிய 'கிளீன்ஃபிளிக்ஸ்' நிறுவனத்தின் செயல் உரிமை மீறல் என 2006இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூலம் அழிந்தவிடத்து

மூலம் நின்றால்தான் வழி தீங்கற்றது என்றோம். மூலம் அழிந்தவிடத்து வழிநூலே புகலாதலும் உண்டு. வளையாபதி முழுநூலாகக் கிடைத்திலது. எழுபதளவு செய்யுள்களே எஞ்சின. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் காத்தது 'புறத்திரட்டு' என்னும் தொகை. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களையும் அதுவே காத்தது. பெயரறியாச் சுவைஞன் ஒருவன் தன் விருப்பிற்கேற்பத் தெரிந்தெடுத்த திரட்டு, பெருநூல்களின் எச்சத்துக்கு உறைவிடமாயிற்று.

தமிழ்த் திரைப்படத்துக்கு இச்செய்தி மிகவும் வேண்டப்படுவது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று கிடைத்திலது. தென்னாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களுள் 'மார்த்தாண்ட வர்மா' புனேயில் 1964இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற் காக்கப்பட்டுள்ளது. ஏனையவற்றுட் பெரும்பாலன மறைந்தன. படத்தைக் காப்பது பிறர் கடன் என உரிமையாளரும் அரசும் சுவைஞரும் ஒருவரையொருவர் நோக்கியிருப்பின், நாளை எஞ்சுவன துணுக்குகளே ஆகலாம்.

முடிபு

மேற்கூறியவற்றால் இரண்டு அளவுகோல்கள் பெறப்படும். ஒன்று, வழிப்படம் மூலப்படத்தின் இடத்தைக் கவரலாகாது. மூலம் சிதையாது கிடைக்கும் நிலையில் இருத்தல் வேண்டும். மற்றொன்று, வழிப்படத்துக்குப் பாயிரம் வேண்டும். ஆக்கியோன் பெயரும் நூல் வந்த வழியும் பாயிரத்துட் கூறப்படவேண்டும் என்பது நம் இலக்கண மரபு. எப்படத்தின் எவ்வடிவத்திலிருந்து செய்தது, எவற்றை நீக்கியது, எவற்றைச் சேர்த்தது என்பன தொகுப்பின் முகப்பில் இடம்பெறல் வேண்டும். 'பாண்டம் மெனஸ்' படத்தைத் திருத்தியவர் தம் வடிவத்தின் தொடக்கத்திலேயே தம் நோக்கத்தை எழுதிக்காட்டினார். அவர் நன்னூல் கற்றவரல்லர். ஆயினும் செய்தது பாயிரமே.

முதுகலை மாணவர்க்கு இத்துறையிற் பணி மிகுதி. ஒரு படத்தின் திரையரங்க வடிவம், தொலைக்காட்சி வடிவம், மறுவெளியீட்டு வடிவம், சுவைஞர் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தல் இன்றே தொடங்கத்தக்கது. ஏடுகள் செல்லரித்தபின் தேடியலைந்த இடர் நமக்குத் தெரியும். படங்களுக்கு அந்நிலை வருமுன் வேறுபாடுகளைக் குறித்துவைத்தல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்றாகும்.