ஒரே சாலை, மூன்று தேர்வுகள்

டெல்லிவாழ் தமிழர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தியா கேட்டையும் பார்லிமென்ட்டையும் காட்டியாக வேண்டும். 2023-க்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் "செங்கோல் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற என் மாமனார் மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "மாப்ளே, இந்த டிசைனை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?"

நல்ல கேள்வி. இந்த ஒரே சாலையில் மூன்று விதமாகத் தேர்வு நடந்திருக்கிறது.

முதலாவது, ஆளைப் பார்த்து நியமிப்பது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பரில் அறிவித்தார்கள். லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் இருவரையும் போட்டி எதுவும் வைக்காமலே நியமித்தது பிரிட்டிஷ் அரசு. தலைமைச் செயலகக் கட்டடங்களும் ரெய்சினா குன்றின் மேலேயே இருக்கட்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாலையின் ஏற்றம் தன்னுடைய மாளிகையை மறைக்கும் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. இன்றும் விஜய் சௌக்கை நெருங்க நெருங்கக் குடியரசுத் தலைவர் மாளிகை தரைக்குள் இறங்குவது போல் மறையும். அடுத்த முறை வரும்போது கவனியுங்கள்.

இரண்டாவது, திறந்த போட்டி. இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்காக 1986-இல் உலக அளவில் போட்டி வைத்தார்கள். வந்து குவிந்தவை 190-க்கும் மேற்பட்ட டிசைன்கள். நடுவர் குழு தேர்ந்தெடுத்தது அமெரிக்கரான ரால்ஃப் லெர்னரின் டிசைனை. ஆனால் ஆண்டுகள் பல ஓடியும் அதில் ஒரு பகுதிதான் எழும்பியது. அந்த மைய வளாகத்தின் நிலம் பிறகு புதிய மத்தியச் செயலகக் கட்டடங்களுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, டெண்டர். சென்ட்ரல் விஸ்டா திட்டத்துக்கு 2019 செப்டம்பரில் மத்தியப் பொதுப்பணித் துறை அழைப்பு விடுத்தது. ஆறு நிறுவனங்கள் போட்டியிட்டன. தகுதிக்கு 80, கட்டணத்துக்கு 20 என்று மதிப்பெண். அக்டோபரிலேயே பிமல் படேலின் எச்.சி.பி. நிறுவனம் தேர்வானது. டிசைன் போட்டி வைத்திருக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2021 ஜனவரி 5-இல் உச்ச நீதிமன்றம் 2:1 என்று திட்டத்தை அனுமதித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சஞ்சீவ் கன்னாகூட ஆலோசகர் தேர்வில் குறை காணவில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றுவதில் மக்களுக்குப் போதிய தகவல் தரவில்லை என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. 2020 டிசம்பரில் அடிக்கல், 2023 மே 28-இல் திறப்பு. வேகத்தை யாரும் மறுக்க முடியாது.

போட்டி வைத்தது முடியவில்லை, டெண்டர் விட்டது முடிந்தது. அப்படியானால் டெண்டர்தான் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே கட்டி முடிக்காதது நிர்வாகத்தின் தவறு, போட்டியின் தவறு அல்ல. இங்கே மற்ற ஐந்து பேர் மனதில் என்ன இருந்தது என்பதை முடிவுக்கு முன் மக்கள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இதையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்போது இது நம் தேர்வாகவும் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமனார் சொன்னார்: "உங்க அபார்ட்மென்ட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறப்பவே சுவத்துல மூணு கலர் பூசிக் காட்டினாங்கன்னியே மாப்ளே!"

நானும் அதைத்தான் சொல்கிறேன்.