தட்டில் தங்கும் துளிக்கு யார் பொறுப்பு?



பெரிய உணவகங்களின் சமையலறையில் மூன்று தொட்டிகள் இருக்கும். முதல் தொட்டியில் சவர்க்காரம், இரண்டாவதில் அலசும் தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி கலந்த நீர். மூன்றாவதில் முக்கிய தட்டை மறுபடி அலச மாட்டார்கள், அப்படியே வடியவிடுவார்கள். அலசினால் கிருமி திரும்பவும் ஒட்டலாமே! சரி, தட்டில் தங்கிய அந்தத் துளி எங்கே போகிறது? அடுத்து வைக்கும் சோற்றோடு நம் வயிற்றுக்குத்தான். இந்தத் துளியை என்ன செய்வது என்று அமெரிக்கா அரை நூற்றாண்டு காலம் சட்டம் எழுதித் திருத்தியது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பால் தந்த பாடம்

1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ், மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. உணவுத் துறையில் இதே பாடத்தைக் கற்றுத் தந்தது பால். 1924-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மாதிரிப் பால் விதிகளை வெளியிட்டது. அப்படியும் 1938-இல், உணவாலும் குடிநீராலும் ஏற்பட்ட நோய்ப் பரவல்களில் காற்பங்கு பாலால் வந்தது. பாலைச் சூடாக்கும் முறையும் பாத்திரச் சுத்தமும் பரவிய பிறகு அது 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கிருமிநாசினி வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஒரே திரவம், இரண்டு பெயர்

1947-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் திரவமும் அதன்படி ஒருவகை நஞ்சுதான். விற்பதற்கு முன் வேளாண் துறையில் பதிய வேண்டும், சிட்டையில் பொய் சொல்லக் கூடாது.

1958-இல் உணவுச் சேர்மத் திருத்தம் வந்தது. நேரடியாகவோ மறைமுகமாகவோ உணவில் கலக்கக்கூடிய எந்தப் பொருளும் உணவுச் சேர்மம் என்றது அது. ‘மறைமுகமாக’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். தட்டில் தங்கிய துளியும் அதற்குள் வந்துவிட்டது! 1970-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்ததும் பதிவு வேலை அதன் கைக்குப் போனது. தட்டில் தங்கும் மிச்சத்தைக் கவனிப்பது உணவு, மருந்து நிர்வாகத்திடமே இருந்தது. ஒரு புட்டிக்கு இரண்டு அலுவலகம்.

1996: மாறிய இலக்கணம்

குழந்தைகள் உண்ணும் பழம், காய்கறிகளில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதே என்ற கவலையால் 1996-இல் உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வயலுக்காக எழுதிய சட்டம்தான். ஆனால் ‘பூச்சிக்கொல்லி வேதிப்பொருள்’ என்பதன் இலக்கணத்தை அது மாற்றியதால், சமையலறைக் கிருமிநாசினியும் உணவுப் பதப்படுத்தலில் பயன்படும் கிருமிக்கொல்லிகளும் சேர்ந்தே சுற்றுச்சூழல் முகமையின் கீழ் போயின. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. 1998-இல் ஒரு திருத்தச் சட்டம் போட்டு, உணவின் மேலேயே பயன்படுத்துபவற்றில் பலவற்றை உணவு, மருந்து நிர்வாகத்திடம் திருப்பித் தந்தார்கள். தட்டு, மேசை, இயந்திரம் ஆகியவற்றுக்கான கிருமிநாசினி முகமையிடமே நின்றது.

இரண்டு பக்கமும் எல்லை

இன்று அங்கே அளவு இப்படி இருக்கிறது: பத்து இலட்சம் பங்கு நீரில் குளோரின் 200 பங்கைத் தாண்டக் கூடாது, அயோடின் 25 பங்கைத் தாண்டக் கூடாது. இது மேல் எல்லை. கீழ் எல்லையும் உண்டு. வழக்கமான ஆய்வுகூடச் சோதனையில் 30 விநாடிக்குள் 99.999 விழுக்காடு பாக்டீரியா சாக வேண்டும். குறைந்தால் கிருமி மிஞ்சும், கூடினால் மருந்து மிஞ்சும். இரண்டையும் சாப்பிடப் போகிறவர் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருபவர்தான்.

மாணவர்களே, 1947, 1958, 1996, 1998 என்று ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் விடைத்தாளில் காரணம் இருக்காது. ஒவ்வொரு சட்டமும் ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைத்தது என்று பாருங்கள். பெயர் மாறினால் பொறுப்பும் கைமாறும்.

சிந்திக்க:
1. 1958-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘மறைமுகமாக’ என்ற சொல் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?
2. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? காரணம், விளைவு எனப் பிரித்து எழுதுக.