ஒலிபரப்பும் ஊர்ப்பேச்சும்: விழுப்புரம் வட்டார நோக்கில் பொது வானொலியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் பொது வானொலியின் வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஒலிபரப்பைக் கேட்டவர்கள் தமக்குள் நிகழ்த்திய உரையாடல் அதில் போதிய இடம் பெறவில்லை. கோலியனூரை உள்ளடக்கிய விழுப்புரம் வட்டாரத்தை முன்னிறுத்தி, அவ்வுரையாடலையும் வானொலி வரலாற்றின் பகுதியாகக் கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: பொது வானொலி, கிராம வானொலி மன்றம், புதுச்சேரி வானொலி, சமுதாய வானொலி, கோலியனூர்

முன்னுரை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ள கோலியனூர், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் இப்பகுதியின் ஊர்களுக்கு வானொலி வழங்கியது என்ன, ஊரார் அதனைக் கொண்டு தமக்குள் பேசியது என்ன என்பவை இருவேறு வினாக்கள். முதல் வினாவிற்கு நிகழ்ச்சிப் பட்டியல்கள் விடை தரும். இரண்டாவதற்கு அவை விடை தருவதில்லை.

பொதுவில் கேட்ட காலம்

சென்னையில் 1924ஆம் ஆண்டு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று, மெரினா கடற்கரை உள்ளிட்ட பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை அமைத்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தோன்றின. விடுதலைக்குப் பிறகு ஊராட்சிகளின் வானொலி அறைகளும் அவற்றின் ஒலிபெருக்கிகளும் சிற்றூர் மாலைப்பொழுதின் பகுதியாயின. தொடக்கத்தில் வானொலி கேட்டல் பெருமளவு கூட்டுச்செயலாக இருந்தது என்பதை இவற்றால் அறியலாம்.

மன்றமும் ரேடியோ நெல்லும்

கூடிக் கேட்பதும் கேட்டபின் கூடிப் பேசுவதும் வேறானவை. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் புனே பகுதியில் நடத்தப்பட்ட கிராம வானொலி மன்ற ஆய்வாகும். கனடாவின் பண்ணை வானொலி மன்றத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஏறத்தாழ 150 ஊர்களில் மன்றங்கள் அமைக்கப்பட்டன. உறுப்பினர்கள் ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்திற்கு அனுப்பினர். ஆய்வை மதிப்பிட்ட பால் நியூராத், மன்றம் இருந்த ஊர்களை, வானொலி மட்டும் இருந்த ஊர்களோடும் இரண்டும் இல்லாத ஊர்களோடும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி மிகுதியாகவும், வானொலி மட்டும் இருந்த ஊர்களில் அது சிறிதளவாகவும் காணப்பட்டது. கருவியைவிட உரையாடலே பயன் விளைத்தது என்பது இதன் பொருள். இம்மன்றத் திட்டம் 1959இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

தமிழகத்தில் இதனோடு வைத்து எண்ணத்தக்கது தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 நெல்லாகும். திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு அந்நெல்லைப் பரப்புவதில் பங்கேற்றமையால் உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றனர். பெயரிட்டது நிலையமோ வேளாண் துறையோ அன்று; ஊர்ப்பேச்சே. கேட்டோரின் பேச்சு பதிவாக எஞ்சிய அரிய சான்று இது எனலாம்.

புதுச்சேரி நிலையமும் விழுப்புரமும்

புதுச்சேரி வானொலி நிலையம் 1967இல் தொடங்கப்பட்டது. அதன் 1215 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஒலிபரப்பு, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளையும் எட்டியது. ஆட்சி எல்லையும் ஒலி எல்லையும் இங்கு ஒன்றாக இல்லை. கோலியனூர் உழவர் தமிழக அரசின் ஆட்சிக்குட்பட்டவர். அவர் கேட்ட அண்மை நிலையமோ ஒன்றியப் பகுதியில் இருந்தது. பயிரும் மழையும் வழக்குச்சொல்லும் இரு பகுதிகளுக்கும் பொதுவாக இருந்தமையால் இவ்விணைப்பு இயல்பாயிற்று. மாவட்ட எல்லைக்குள் நின்று ஊடக வரலாறு எழுதுவோர் இதனைத் தவறவிட வாய்ப்புண்டு.

தனிக்குரலும் சமுதாய வானொலியும்

டிரான்சிஸ்டர் பெட்டி பரவியபோது கேட்டல் வீட்டுக்கும் வரப்புக்கும் இடம்பெயர்ந்தது. நேயர் கடிதமும், பின்னர் பண்பலையின் தொலைபேசி நிகழ்ச்சியும் கேட்பவருக்குக் குரல் தந்தன. ஆயினும் அது தனிநேயரின் குரல். அழைப்பவர் அறிவிப்பாளரோடு பேசுகிறார். அண்டை வீட்டாரோடு அன்று. யாருடைய கடிதம், யாருடைய அழைப்பு ஒலிக்கவேண்டும் என்பதும் நிலையத்தின் தேர்வே.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. 2006இன் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் பெற இடமளித்தது. எனினும் இந்நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப இசைவு வழங்கப்படவில்லை. ஊரார் பேசலாம், ஊர்நடப்பைச் செய்தியாக்க இயலாது என்னும் முரண் தொடர்கிறது.

முடிவுரை

நிலையம் பேசியதற்கு எழுத்துப்படிகளும் ஒலிநாடாக்களும் சான்றாகலாம். ஊர் பேசியதற்கு முதியோரின் நினைவே முதன்மைச் சான்று. ஊராட்சி வானொலி அறை ஊர்ப்பகுதியில் இருந்ததா, காலனிக்கும் அதன் ஒலி எட்டியதா, பெண்கள் நின்று கேட்டனரா, கேட்டபின் யார் பேசினர், யார் பேசாதிருந்தனர் என்னும் வினாக்களுக்கு அம்முதியோரே விடையளிக்க முடியும். கோலியனூர் போன்ற ஒன்றியங்களில் ஊர்தோறும் வாய்மொழி வரலாறாக இவற்றைத் தொகுப்பது உடனடித் தேவையாகும். அத்தலைமுறை மறைந்தபின் எஞ்சுவது ஒலிபரப்பின் வரலாறாக மட்டுமே இருக்கும். கேட்டவர்களின் வரலாறாக இராது.