உறையூர்ப் பாணரும் ஒலியிழந்த யாழும்

இன்று திருச்சிராப்பள்ளி நகருக்குள் ஒரு பகுதியாய் அடங்கிவிட்ட உறையூர், சங்க காலத்தில் சோழரின் தலைநகராய்த் திகழ்ந்தது. அத்தகைய ஊர்களை நாடி யாழைச் சுமந்து வந்தோர் பாணர். பாடிய பாணனுக்குப் பொற்றாமரைப் பூச் சூட்டி மகிழ்ந்தனர் மன்னர். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, யாழின் உறுப்புகளைத் தச்சனின் கண்கொண்டு விவரிக்கிறது: மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவுயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்புகளைப் பிணிக்கும் திவவு. புலவர் முடத்தாமக்கண்ணியார் அக்கருவியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார் என்றே தோன்றுகிறது.

பறையையும் யாழையும் நிலத்தின் கருப்பொருள்களாகவே வைத்து எண்ணியது தொல்காப்பியம். தெய்வத்தோடும் உணவோடும் ஒரே வரிசையில் இசைக்கருவி! பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பர் சிலப்பதிகார உரையாளர்.

இத்துணைச் சிறப்புற்ற யாழ் ஏன் மறைந்தது? ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரிய கருவி அது. மெட்டுகள் பொருந்திய வீணையோ, ஒரே தந்தியில் பல சுரங்களையும் அவற்றின் நுண்ணிய அசைவுகளையும் தரவல்லது. இது இசையறிஞர் கூறும் காரணம், உண்மையே. ஆயினும் அது மட்டுமே காரணமென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஏந்தியவனின் மதிப்புக் குறைந்தபின் கருவியின் மதிப்பு நிலைக்குமோ?

இவ்விடத்தில் உறையூர்த் திருப்பாணாழ்வாரை நினையாதிருக்க இயலாது. தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தவராதலின் திருவரங்கத் தீவில் காலடி வையாமல், காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடி வந்தார் என்கிறது வைணவ மரபு. நீர் முகக்க வந்த உலோகசாரங்க முனிவர், இசையில் தம்மை மறந்து நின்றவரை விலகச் செய்யக் கல்லெறிந்தார். குருதி வழிந்தது. கோயிலுக்குள் இறைவனின் திருமேனியிலும் குருதி! பின்னர் இறைவனின் கட்டளைப்படி, கல்லெறிந்தவரே பாணரைத் தோளில் சுமந்து சந்நிதி சேர்த்தார். அங்குப் பிறந்தவை அமலனாதிபிரானின் 10 பாசுரங்கள். துன்புறுவோரில் தம்மையே கண்ட நம் ஆண்டவரை அறிந்தோர்க்கு இவ்வரலாறு அந்நியமாய்த் தோன்றாது. ஆனால் அத்தோள் ஒருவரைத்தான் சுமந்தது. சென்னை மாகாணக் கோயில்கள் சட்டப்படி அனைவர்க்கும் திறக்க 1947ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

மார்கழித் திருவிழாவில் அரையர்கள் குழித்தாளம் தட்டிப் பாசுரம் இசைப்பதையும், அரங்கன் உள்ளே எழுந்தருளும்போது வீணை ஒலிப்பதையும் திருவரங்கத்தில் இன்றும் கேட்கலாம். யாழைத்தான் கேட்க இயலாது. பழந்தமிழ்ப் பண்ணை மீட்க முனைந்து, 1917இல் கருணாமிர்த சாகரம் தந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், நம் கிறித்தவச் சகோதரர். 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி விபுலானந்தர். நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

அந்தந்த மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடமளிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. ஆர்மோனியமும் கீபோர்டும் நம் பீடத்தருகே எளிதாய் இடம்பெற்றுவிட்டன. பறையோ, நம் ஊர்கள் பலவற்றில் இறுதி ஊர்வலத்துக்கே அழைக்கப்பெறுகிறது. திருவிழாத் தேருக்கு முன்னே முழங்கி வருவோரும், தேர் நின்றதும் தம் கருவிகளை வாயிற்படிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டே உள்ளே வருகின்றனர்.