சுண்ணம் மறைத்த சுவரோவியம்

நகரின் வரலாற்றை அதன் தெருச்சுவர்களும் உரைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒல்வேரா வீதியில் அத்தகைய சுவரொன்றை யாம் காண்கிறோம். மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் 1932-இல் அதில் ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். வரைவித்தோர் எதிர்பார்த்தது இன்பச் சோலை. அவர் வரைந்ததோ, கழுகின்கீழ்ச் சிலுவையில் அறையுண்ட பழங்குடி மகனை. சில ஆண்டுகளில் ஓவியம் முழுதும் வெண்சுண்ணத்தால் மறைக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் அச்சுண்ணம் உதிர, உருவம் மீண்டும் தோன்றலாயிற்று. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் மாநகராட்சியும் அதனைக் காத்து, 2012-இல் மக்கள் காணத் திறந்தன. எனினும், மங்கிய வண்ணத்தைப் புதிதாகத் தீட்டவில்லை. இது பொருத்தமேயாம். சிதைந்த ஏட்டில் இல்லாத சீரைப் பதிப்பாசிரியர் தாமே புனைந்து சேர்ப்பதில்லை. விடுபட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவர். ஓவியத்தைப் போலவே அதனை மறைத்த செயலும் வரலாறாதலின், மங்கிய அச்சுவரே நம்பத்தக்க சான்று என்க.