கழிவும் கணக்கேடும்: இலத்திரனியற் கழிவின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

இலத்திரனியற் கழிவு பற்றி அண்மைக்காலத்தில் வெளிவந்துள்ள எழுத்துக்களை இரு வகைப்படுத்தலாம். ஒருவகையின, நச்சுப் பொருள், பொதுச் சுகாதாரம் என்னும் நோக்கில் அமைந்தவை. மற்றையன, பெருங் கம்பனிகளின் வழங்கற் சங்கிலியிலிருந்து வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பதற்கான வழிகளுள் ஒன்றாகக் கழிவு முகாமைத்துவத்தைக் காண்பவை. ஒரே உற்பத்தி முறையின் இரு விளைவுகளையே இவை தனித்தனியாகப் பேசுகின்றன. இரண்டையும் இணைத்து நோக்காதவிடத்து, வாயுக் குறைப்பு என்பது கணக்கேட்டில் நிகழும் மாற்றமாக மட்டும் முடிந்துவிடும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் மூன்றாம் பாகம் அவரது மறைவின் பின் 1894ஆம் ஆண்டு ஏங்கெல்சினாற் பதிப்பிக்கப்பெற்றது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், உற்பத்தியின் கழிவுகள் மீண்டும் பயன்படுத்தப்படுவது பற்றிய சிறு பகுதியொன்று உண்டு. கந்தற் கம்பளி மீண்டும் துணியானமையும், பயனற்றதெனக் கருதப்பட்ட நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் பெறப்பட்டமையும் அங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. கழிவு பெருந்தொகையாகச் சேர்தல், இயந்திரங்கள் திருந்துதல், விஞ்ஞானம், சிறப்பாக இரசாயனவியல், வளர்தல் ஆகியன இதற்கான நிபந்தனைகள் எனக் கூறும் மார்க்ஸ், வேறொரு சிக்கனத்தை இதனின்றும் பிரித்துக் காட்டுகிறார். கழிவு தோன்றுவதையே இயன்றவரை குறைத்தல் அது. இவ்வேறுபாடு எமது பொருளுக்குத் திறவுகோலாகும்.

நுகர்வுப் பொருள்களுக்கு இதனை விரித்து நோக்குவோமாயின், முதலாவது சிக்கனம் மலிவான மூலப்பொருளைத் தருவதால் மூலதனத்துக்கு உவப்பானது. இரண்டாவது, பொருளின் ஆயுளை நீட்டி விற்பனையைச் சுருக்குவதால் அதற்கு ஒவ்வாதது. 1924ஆம் ஆண்டு ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய கம்பனிகள் ஜெனீவாவை மையமாகக் கொண்டு அமைத்த பீபஸ் கூட்டு, மின்குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலங்களுக்கு மட்டுப்படுத்தியது. நீண்டகாலம் எரியும் குமிழ்களைச் செய்த உறுப்பினர் தண்டம் இறுக்க வேண்டியிருந்தது. கழிவு சில வேளைகளில் திட்டமிட்டே உற்பத்தி செய்யப்படுகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறு பெருகிய கழிவு எங்கே செல்கிறது என்பது 1980களில் அரசியல் வினாவாயிற்று. மேலைநாடுகளிற் சூழற் சட்டங்கள் இறுக்கமடைய, நச்சுக் கழிவை அகற்றுஞ் செலவு உயர்ந்தது. கழிவு கடல் கடக்கத் தொடங்கியது. 1986இல் பிலடெல்பியா நகரின் எரிசாம்பலை ஏற்றிப் புறப்பட்ட 'கியன் சீ' என்னும் கப்பல், 1988இன் தொடக்கத்தில் அதன் ஒரு பகுதியை ஹெயிட்டியின் கரையிற் கொட்டியது. அதே ஆண்டில், இத்தாலியிலிருந்து வந்த நச்சுப் பீப்பாய்கள் நைஜீரியாவின் கோக்கோ என்னும் ஊரிற் கண்டுபிடிக்கப்பட்டன. இவை எழுப்பிய எதிர்ப்பின் பின்னணியில் 1989 மார்ச் மாதத்தில் பாசல் சமவாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1992இல் நடைமுறைக்கு வந்தது. செல்வந்த நாடுகளிலிருந்து ஏனைய நாடுகளுக்கு ஆபத்தான கழிவு ஏற்றுமதியாவதைத் தடைசெய்யும் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் வலுப்பெறுவதற்கு 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐக்கிய அமெரிக்கா சமவாயத்தில் ஒப்பமிட்டதேயன்றி அதனை உறுதிப்படுத்தவில்லை.

இவ்விடத்திற் சொல் வகித்த பங்கு இலக்கிய மாணவராகிய எமது கவனத்துக்குரியது. புறப்படும் துறைமுகத்திற் 'பாவித்த பொருள்' என எழுதப்பட்ட கொள்கலம், சேருமிடத்திற் கழிவாகத் திறக்கப்பட்டது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள குய்யூ என்னும் ஊர் இவ்வகையில் உலகறிந்ததாயிற்று. 2002இல் சூழலியல் அமைப்புக்கள் வெளியிட்ட அறிக்கையொன்று, அங்கு சுற்றுப் பலகைகள் நிலக்கரி அடுப்பிற் சூடாக்கப்பட்டதையும், பொன்னைப் பிரிப்பதற்கு அமிலம் பயன்படுத்தப்பட்டதையும், செம்புக்காக வடங்கள் வெளியில் எரிக்கப்பட்டதையும் வெளிப்படுத்தியது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வூரிற் பரிசோதிக்கப்பட்ட 165 சிறுவர்களுள் ஏறத்தாழ 82 சதவீதத்தினரின் இரத்தத்தில் ஈயம் அன்று கொள்ளப்பட்ட எல்லையை மீறியிருந்தது. பிற்காலத்தில் அப்பட்டறைகள் தொழிற்பேட்டையொன்றினுள் ஒடுக்கப்பட்டன. ஆயினும் கழிவின் பெருக்கம் ஓயவில்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் உண்டான இலத்திரனியற் கழிவு 6.2 கோடி மெற்றிக் தொன் எனவும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குட்பட்டதாகப் பதிவாகியுள்ளது எனவும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இவ்வரலாற்றோடு தொடர்பின்றியே வாயு வெளியேற்றக் கணக்கீடு வளர்ந்தது. 2001இல் வெளியான பச்சைவீட்டு வாயு நெறிமுறை, கம்பனியின் வெளியேற்றத்தை மூன்று பரப்புகளாக வகுத்தது. கம்பனி தானே எரிப்பது முதலாவது. அது வாங்கும் மின்சாரம் முதலியவற்றின் பொருட்டு எரிக்கப்படுவது இரண்டாவது. சங்கிலியின் ஏனைய கண்ணிகள் அனைத்தும் மூன்றாவது. மூன்றாம் பரப்புக்கென 2011இல் வெளியான நியமம் அதனை 15 பிரிவுகளாக்கிற்று. வாங்கிய பொருள்கள் முதலாம் பிரிவு. விற்ற பொருளின் இறுதிக்காலம் பன்னிரண்டாம் பிரிவு. சுரங்கமும் குப்பைமேடும் ஒரே ஏட்டில் இடம்பெற்றமை ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை.

எனினும் அவ்வேட்டை நுணுகி நோக்குதல் வேண்டும். கைத்தொலைபேசி ஒன்றின் ஆயுட்கால வெளியேற்றத்திற் பெரும்பகுதி அது உற்பத்தியாகும்போதே நிகழ்ந்துவிடுகிறது. எனவே பன்னிரண்டாம் பிரிவை மட்டும் பார்ப்பவருக்குக் கழிவு அற்பமானதாகத் தோன்றும். கழிவு முகாமைத்துவத்தின் பயன் முதலாம் பிரிவிலேயே வெளிப்படும். மீள்சுழற்சியாற் பெறும் அலுமினியத்துக்குத் தாதுவிலிருந்து பெறுவதற்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதம் போதுமானது. ஆயின், உலோகம் மீளும், சில்லு மீளாது. சிலிக்கன் சில்லைச் செய்வதிற் செலவான பெருஞ்சக்தி, பலகை உருக்கப்பட்டதும் முற்றாக இழக்கப்படுகிறது. அதனைக் காப்பதற்குள்ள வழி, கருவியைத் திருத்தி நெடுங்காலம் பாவிப்பதே. மார்க்ஸ் பிரித்துக்காட்டிய இரு சிக்கனங்களும் இவ்விடத்தில் மீண்டும் எதிர்ப்படுகின்றன. மீள்சுழற்சியைப் பெருமையுடன் விளம்பரப்படுத்தும் கம்பனிகள் பல, திருத்தும் உரிமையை நீண்டகாலம் எதிர்த்து வந்தமையின் பொருளியல் அடிப்படையும் இதுவே.

அண்மைக்கால மாற்றங்கள் இப்பின்புலத்திலேயே மதிப்பிடத்தக்கன. 2025 ஜனவரி முதல், ஆபத்தானது, ஆபத்தற்றது என்ற வேறுபாடின்றி எல்லா இலத்திரனியற் கழிவுக்கும் இறக்குமதி நாட்டின் முன்னிசைவு வேண்டும் எனப் பாசல் சமவாயம் திருத்தப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொருள்களைத் திருத்துதல் பற்றிய சட்டமொன்றை இயற்றியது. நுகர்வோரும், சூழலியல் இயக்கங்களும், கழிவைச் சுமந்த நாடுகளும் பல்லாண்டுகள் நடத்திய போராட்டங்களின் பேறுகள் இவை.

கணக்கேட்டில் வாயுவுக்கு நிரல் உண்டு. ஈயத்துக்கும் கூலிக்கும் இல்லை. மீட்ட பொன்னையும் செம்பையும் வாங்கித் தன் தொன் கணக்கைக் குறைத்துக்கொண்டதாக ஒரு கம்பனி அறிவிக்குமாயின், அதனிடம் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. அது விற்ற கருவி முன்னையிலும் நீண்டகாலம் உழைத்ததா? அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்த கைகள் யாருடையவை, அவற்றுக்குக் கிடைத்த கூலியும் பாதுகாப்பும் எத்தகையவை? இவற்றுக்கு விடையில்லாதபோது குறைந்தது வெளியேற்றமா, அதன் பாரத்தைச் சுமப்பவர் மட்டும் மாறினரா என்பதை அந்த ஏடு எமக்குச் சொல்லாது.